ஜெனரல் விட்கோமின் பக்கத்தில் நின்றவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் கூடும் பழம்பொருள் சந்தையில், ஒரு பெட்டிக்குள் கிடந்த பழைய படங்களுக்கு நடுவிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஜெனரல் ஒருவர். சிவப்புக் கோட்டு, பொய்முடி, இடுப்பில் வாள், கையில் சுருட்டிய காகிதம். பின்னால் ஒரு மரம். அது பனையா தென்னையா என்று வரைந்தவருக்கே தெரிந்திருக்காது. பெயர் இருந்த அடிப்பகுதியை யாரோ கத்தரித்திருந்தார்கள்.

நான் ஜெனரலுக்காக வாங்கவில்லை. அவருடைய இடது தோளுக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய ஒருவர் நிற்கிறார். படத்துக்குச் சட்டம் போட்டவர் அளவு பிசகி வெட்டியதில் அவருடைய முகத்தில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. ஒரு கண், பாதி மீசை, பேசத் தொடங்கியது போல வாயின் ஒரு மூலை. அந்த வாய் மூலையைப் பார்த்துக்கொண்டு சந்தையில் வெகுநேரம் நின்றேன்.

எனக்கு வயது அறுபத்திமூன்று. மனைவி போய் ஐந்து வருடமாகிறது. மகள் சஜிதா ஹம்பூர்க்கில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நாட்டில் கடை பூட்டு, தெரு வெறிச்சு, மேல் வீட்டுக்காரர் கதிரையைக்கூட இழுக்காமல் தூக்கித்தான் வைப்பார். அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில் தனி ஆள் ஒன்றில் குடிக்க வேண்டும், அல்லது கதை எழுத வேண்டும். எனக்குக் குடி ஒத்துக்கொள்ளாது.

ஆகவே ஜெனரலுக்கு ஜோசையா விட்கோம் என்று பெயர் வைத்தேன். முழுக்க நான் கட்டிய ஆள். அந்தப் பெயரில் உண்மையிலேயே யாராவது வாழ்ந்திருந்தால், அது அவருடைய கெட்ட காலம்.

2

முதல் தொடக்கம்: "பீரங்கிப் புகை அடங்கியபோது ஜெனரல் விட்கோம் தன் குதிரையின் கடிவாளத்தை"

வேண்டாம். குதிரையில் தொடங்கும் கதைகளை நான் நம்புவதில்லை. (குதிரைக்கு ஜூனோ என்று பெயர் வைத்திருந்தேன். பெயரை மட்டும் எங்காவது பயன்படுத்திக்கொள்கிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: "பாதிரியார் ஒருவரின் நான்காவது மகன் பதினேழு வயதில் மதராசில் கப்பலிறங்கினான். சொத்து மூத்தவனுக்கு, தேவாலயம் இரண்டாமவனுக்கு, மூன்றாமவன் சீக்காளி. நான்காமவனுக்கு இந்தியாதான் மிஞ்சியிருந்தது."

இது பரவாயில்லை. மேலே போவோம். கும்பினியில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை எழுத்தர் வேலை. நாளெல்லாம் மற்றவர்களின் கடிதங்களைப் படி எடுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் சலித்துப்போய்ப் பேனாவைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான். இருபத்தைந்தில் கப்டன், முப்பத்திரண்டில் கேர்னல். தெற்கே வரி கொடுக்க மறுத்த பாளையக்காரர்களின் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தான். பிறகு ஜெனரல். பிறகு ஒரு கடலோர மாகாணத்தின் கவர்னர்: பாலம் கட்டினான், உப்புக்கு வரி போட்டான், பஞ்ச காலத்தில் அரிசியை ஏற்றுமதி செய்தான், தன் படத்தை வரையச் சொன்னான். ஐம்பதில் லண்டன் திரும்பினான். பாராளுமன்றத்தில் ஒரு விசாரணை. விடுதலை. மாளிகை, ரோஜாத் தோட்டம், கீல்வாதம், சாவு.

இவ்வளவுதான் விட்கோம். ஒரு மனிதனின் உத்தியோக வாழ்க்கையை ஒரு பந்தியில், பத்துப் பன்னிரண்டு வரிக்குள், எழுதிவிட முடிகிறது என்பது கொஞ்சம் பயமாக இருக்கிறது. என்னுடையது ஒரு வரியில் அடங்கும்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன், உணவகத்தில் கோப்பை கழுவினேன், ஜெர்மன் படித்தேன், அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளரானேன்.

3

விட்கோமுக்கு லண்டனில் அந்த விசாரணை எதற்காக என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

விட்கோம் கேர்னலாக இருந்தபோது ஒரு பாளையத்தை முற்றுகையிட்டிருந்தான். (பாளையத்துக்குப் பெயர் பிறகு வைக்கிறேன்.) மண்கோட்டை. உள்ளே வயதான பாளையக்காரரும் முந்நூறு பேரும். வெளியே ஆறு பீரங்கி. நடுவே நானூறு அடி வெட்டவெளி. அந்த வெளியைக் கடந்து போய்வர அனுமதி பெற்றவர் ஒரே ஒருவர், கேர்னலின் துபாஷி. வெள்ளையருக்கும் ஊராருக்கும் நடுவில் நின்று இரு பக்கப் பேச்சையும் மொழிபெயர்ப்பது அவர் தொழில். படத்தில் பாதி முகத்தோடு நிற்பவர் அவர்தான். பெயர் ______.

கேர்னல் சொன்னான்: "நாளை நண்பகலுக்குள் அவர்கள் ஆயுதமில்லாமல் வெளியே வரவேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் உள்ளே ஒருவரையும் உயிரோடு விடமாட்டேன். இதை அப்படியே சொல்."

துபாஷி வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோட்டைக்குள் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். பாளையக்காரர் தன் கையாலேயே செம்பை நீட்டினார். அந்த மண்டபத்தில், அந்த முதியவரின் முகத்துக்கு நேரே, சாவு என்ற சொல்லை அதுவரை எவரும் உச்சரித்ததில்லை. மோர் இன்னும் துபாஷியின் தொண்டையில் குளிர்ச்சியாக இருந்தது.

"ஐயா நாளைக்கு எழுந்தருளினால் கேர்னல் துரை மிகவும் சந்தோஷப்படுவார்" என்றார்.

பாளையக்காரர் யோசித்தார். மறுநாள் வியாழக்கிழமை. "ராகுகாலம் கழித்துப் புறப்படுகிறோம் என்று சொல்லும்" என்றார்.

வியாழக்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்குத்தான் முடியும். துபாஷி நானூறு அடி திரும்பி நடந்து வந்து, கேர்னலிடம் ஒரே சொல்லில் சொன்னார்: "வருகிறார்."

நண்பகலில் கேர்னல் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தான். ஐந்து நிமிடம் கூடுதலாகவும் கொடுத்தான். பிறகு பீரங்கிகள்

இதற்கு மேல் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தை நான்கு தடவை திருப்பி எழுதினேன். கேர்னல் நயவஞ்சகமாகப் பொய் சொல்லி ஏமாற்றியதாக எழுதினால் என் வேலை சுலபம். நண்பகலில் முந்நூறு பேரைக் கொல்வேன் என்பவன் நல்லவனில்லை, அதில் எனக்கு ஒரு குழப்பமும் கிடையாது. ஆனால் அவன் தெளிவாகத்தான் சொன்னான். எத்தனை முறை எழுதினாலும் அந்த வாயிலிருந்து அதே வசனம்தான் வருகிறது. எரிச்சலாக இருக்கிறது.

4

மூன்றாம் பகுதி வரை சஜிதாவுக்கு அனுப்பினேன். அவள் இங்கே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். ஞாயிறு பின்னேரம் வழக்கம்போலத் தொலைபேசியில் எடுத்தாள்.

"அப்பா, வாசிச்சன். ரெண்டு தரம் வாசிச்சுத்தான் விளங்கிச்சு."

"எப்பிடி இருக்கு?"

"ஜெனரல் லாங்வைலிக் அப்பா. சும்மா பதவி, பதவி, பதவி." சலிப்பூட்டுகிறது என்பதற்கு அவளுக்கு ஜெர்மன் சொல்தான் முதலில் வரும். "துபாஷி எண்டா ஆர்? டொல்மெச்சரோ?"

"ஓம். அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளர்."



"அப்ப ஏன் அவருக்குப் பேர் இல்லை? ஜெனரலின்ர குதிரைக்குக்கூடப் பேர் வைச்சிருக்கிறீங்கள்."

"டொல்மெச்சருக்குப் பேர் தேவையில்லைப் பிள்ளை."*

"அப்பா, உங்களுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. சாப்பிட்டன்."

சாப்பாட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை.

* அடிக்குறிப்பு: இது உண்மை. விசாரணை முடிந்ததும் வருகிற பதிவறிக்கையில், அதை நாங்கள் புரோட்டோகோல் என்போம், மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருக்காது. ஓர் இலக்கம் மட்டும் இருக்கும். இன்னொரு விதியும் உண்டு. விண்ணப்பக்காரர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் ஓடினாராம்' என்று சொல்லக் கூடாது. நான் ஓடினேன், என்னைப் பிடித்தார்கள், என் தம்பி திரும்பி வரவில்லை. இருபத்தெட்டு வருடமாக இப்படி நூற்றுக்கணக்கானவர்களின் 'நான்' என் வாயால் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து ரைஸ் குக்கரில் ஒரு சுண்டு அரிசி போடும்போதுதான், அன்று முழுக்க எனக்கென்று ஒரு வசனமும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். 2021 மார்ச்சில் ஒரு நாள்

அடிக்குறிப்பு நீள்கிறது. இதை அடியில் வைத்திருக்க முடியாது போலிருக்கிறது.

5

முதல் பகுதியில் சொன்னது பொய் இல்லை. சந்தை உண்மை, படம் உண்மை. ஆனால் அதை வாங்கி மூன்று வருடமாகிறது. அலமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தது. இந்தக் கதையைத் தொடங்கியது இந்த செப்டெம்பரில், எனக்கு ஒரு வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்த மறுநாள்.

2021 மார்ச். முகக்கவசக் காலம். ஒரு விசாரணை அறை. எந்த ஊர் என்பது வேண்டாம். மேசைக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு, தண்ணீர்க் குவளை, ஒரு பெட்டி டிஷ்யூ. அந்தப் பக்கம் அதிகாரி, என் மகளின் வயதுப் பெண். இந்தப் பக்கம் கஜரூபன், வயது முப்பத்தொன்று. எனக்குப் பக்கத்தில்தான் இருந்தான். ஊரில் அவனை இராணுவம் பதினொரு நாள் அடைத்து வைத்திருந்தது. அந்தப் பதினொரு நாளில் என்ன செய்தார்கள் என்று அதிகாரி கேட்டார்.

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லக்கூடாத மாதிரி நடத்தினவை, அண்ணை" என்றான்.

எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்கள் யாருக்கும் விளங்கும். ஓர் ஆண் பிள்ளைக்கு நடந்ததை இன்னோர் ஆண், ஓர் இளம் பெண்ணின் முன்னால், 'நான்' என்று தொடங்கிச் சொல்ல வேண்டும். நான் ஜெர்மனில் சொன்னேன்: "என்னை மோசமாக நடத்தினார்கள். அடித்தார்கள்." அதிகாரி தட்டச்சு செய்தார். ஒன்றரை வரி.

முடிவில் புரோட்டோகோலை அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். சட்டம் அது. நான் வாசிக்கவில்லை. "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு தம்பி. திருப்பி வாசிச்சு உம்மை வதைக்கேலாது. இதில கையெழுத்தை வையும்" என்றேன். தமிழன் சொல்கிறேன், வயதில் மூத்தவன் சொல்கிறேன். வைத்தான். வாசித்துக் காட்டப்பட்டது என்று அந்தத் தாளில் அச்சடித்திருந்தது. வெளியே வந்து எனக்கு நன்றி வேறு சொன்னான். ஒருவனுடைய மானத்தைக் காப்பாற்றினேன் என்ற திருப்தியோடு ரயில் ஏறினேன். அப்போது நாலு மணியாகியிருந்தது, எனக்குப் பசி என்பதும் உண்மை.

அவனுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்குப் போட்டான். இந்த நாட்டில் வழக்கு ஆமை வேகம். இடையில் ஒரு மருத்துவரிடமும், பிறகு வழக்கறிஞரிடமும் நடந்த முழுவதையும் சொல்லியிருக்கிறான். எதிர்த் தரப்பு கேட்பது ஒரே கேள்வி: உண்மையென்றால் முதல் நாளே ஏன் சொல்லவில்லை? வாசித்துக் காட்டியபோது ஏன் திருத்தவில்லை?

நீதிமன்றத் தவணை நவம்பர் பத்தொன்பது. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதே இடத்துக்கு. அவனுடைய வழக்கறிஞர் என்னிடம் கேட்பது ஒரு பக்கக் கடிதம். அன்று வாசித்துக் காட்டினீர்களா? எழுதப்பட்டதைவிட அவர் அதிகம் சொன்னாரா?

எழுதினால் என் வேலை போகும். அந்த வேலை போனால் என்னோடு பேச இந்த ஊரில் ஆளில்லை. மற்றவர்களின் பேச்சுத்தான் என் பேச்சு. அதைவிட, என் வாயால் போன மற்றவர்களின் 'நான்' எல்லாம் சந்தேகத்துக்குள்ளாகும். இப்படியெல்லாம் காரணம் அடுக்கிக்கொண்டு ஏழு வாரமாக நான் ஒரு பிரிட்டிஷ் ஜெனரலின் உத்தியோக வாழ்க்கையை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

6

கதையைத் தொடங்கிவிட்டேன், முடிக்க வேண்டும். லண்டன் விசாரணை.

"பாளையத்தாருக்கு முன்னறிவித்தல் கொடுத்தீர்களா?"

"கொடுத்தேன். தெளிவாக. என் துபாஷி மூலம்."

"துபாஷியின் பெயர்?"

"நினைவில்லை."

விட்கோமை விடுவித்தார்கள். அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

துபாஷிக்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கப்பலேறி லண்டன் போகிறார். பனிமூட்டத்தில், தோய்ந்து ஒட்டிய வேட்டியோடு பாராளுமன்ற வாசலில் நின்று, நான் சொல்ல வேண்டும் என்கிறார். காவலாளிக்கு விளங்கவில்லை. (மொழிபெயர்க்க ஆளில்லை.)

இரண்டு: பணக்காரராகிறார். சத்திரம் கட்டுகிறார். வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுக்கச் சொல்கிறார், காரணம் சொல்வதில்லை.

மூன்று: காய்ச்சலில் படுத்து, மனைவியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்து

ஒன்றும் பிடிக்கவில்லை. மூன்றிலும் அவர் மேல் எனக்கு இரக்கம் அதிகமாக இருக்கிறது.

7

இன்று நவம்பர் ஒன்பதாம் திகதி, ஞாயிறு. காலையில் எனக்கு ஒன்று பட்டது. வாசித்துக் காட்டாததுதான் குற்றமென்றால், வாசித்துக் காட்டலாமே. நாலரை வருடம் பிந்தினாலும்.

தமிழ்க்கடை சிவகௌரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கஜரூபனைப் பற்றி விசாரித்தேன். "அந்தப் பெடியன் எசன் ரவுணில ஒரு ரெஸ்டோரண்டில நிக்கிறான் அண்ணை. மூண்டு மணிக்குப் பிறகு எடுங்கோ, அப்பதான் குசினி ஆறும்" என்று சொல்லி இலக்கம் தந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றரைக்கு எடுத்தேன். நான் யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடினார்கள்.

"சொல்லுங்கோ அண்ணை."

"தம்பி, நான் ஒண்டு எழுதியிருக்கிறன். உமக்கு வாசிச்சுக் காட்ட வேணும். நேரமிருக்கோ?"

"அஞ்சு மணி வரைக்கும் இருக்கு."

முதல் பகுதியிலிருந்து வாசித்தேன். படம், ஜெனரல், குதிரை. பாளையக்காரர் மோர் கொடுத்த இடத்தில் அவன் ம் என்றான். சஜிதா பேசியதையும் விடவில்லை. ஐந்தாம் பகுதி வந்தது. தண்ணீர் குடித்துக் குடித்து வாசித்தேன். மேசையைப் பார்த்துக்கொண்டு அவன் சொன்ன வசனத்தை வாசித்தபோது மறித்தான்.

"அண்ணை, நில்லுங்கோ. அதில ஒண்டு பிழை."

"எது தம்பி?"

"சொல்லக்கூடாத மாதிரி எண்டு நான் சொல்லேல்ல."

தாளில் அந்த வரியைத் திரும்பப் பார்த்தேன்.

"நான் விளக்கமாச் சொன்னனான். எத்தினை பேர், என்ன செய்தவை, எல்லாம். அந்த ஒரு நாளுக்காக ஒரு மாதம் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிப் பழகினனான். நீங்கள்தான் கையைக் காட்டி, காணும் தம்பி, போதும் எண்டனீங்கள்."

கையைக் காட்டியது நினைவுக்கு வந்தது. வலது கை. உள்ளங்கை அவன் பக்கம். அவன் பேசிக்கொண்டிருந்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன், பிறகு கையைத் தூக்கினேன். அதிகாரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுடைய மானத்தை நான் காப்பாற்றவில்லை. அதை வாயில் எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அந்தக் கையை நான் மறந்தேபோனேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. நானும் நம்பவில்லை.

ஐந்தாம் பகுதியை நான் திருத்தவில்லை. நீங்கள் பார்ப்பதற்காக அப்படியே விட்டிருக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட அதை எப்படி நயமாக மொழிபெயர்த்திருக்கிறேன் என்று பாருங்கள்.

"மன்னிச்சுக்கொள்ளும் தம்பி" என்றேன்.

"மிச்சத்தை வாசியுங்கோ" என்றான்.

ஆறாம் பகுதியை வாசித்து முடித்தேன். பின்னால் யாரோ சட்டிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"கடைசியில அந்தத் துபாஷிக்கு என்ன நடந்தது, அண்ணை?"

"மூண்டு முடிவு எழுதினன். ஒண்டும் சரிவரேல்ல."

"அவனை விடுங்கோ. அவன் செத்து இருநூறு வருசம். எனக்குப் பத்தொன்பதாந் திகதி."

வைப்பதற்கு முன்னால், விசாரணையின் முடிவில் கேட்க வேண்டிய கேள்விகளை முறைப்படி கேட்டேன். எல்லாம் விளங்கியதா? வேறு திருத்தம் ஏதாவது உண்டா?

"இல்லை அண்ணை. இப்ப சரி."

8

ஜெனரல் விட்கோமை நான் கவர்னர் மாளிகையில், ஓவியருக்கு முன்னால் நிற்கும்படி விட்டுவிட்டேன். கால் வலிக்கட்டும். பாளையத்துக்குக் கடைசிவரை பெயர் வைக்கவில்லை. துபாஷிக்கு முடிவு வேண்டுமென்றால் மேலே உள்ள மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே ஒன்று எழுதுங்கள். முகத்தின் மற்றப் பாதி உங்களுடையது. இரக்கத்தை மட்டும் குறைத்துப் போடுங்கள். கஜரூபனின் முடிவை எழுத எனக்கு உரிமையில்லை. அது நீதிபதியின் மேசையில் இருக்கிறது.

எனக்கு இன்று படுப்பதற்குள் வேறொரு பக்கம் எழுதி முடிக்க வேண்டும். நாளைக் காலைத் தபாலில் போக வேண்டியது. அது ஜெர்மனில். அதன் தொடக்கத்தையும் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். தமிழில் வாசித்துக் காட்டுகிறேன், பிழையிருந்தால் மறியுங்கள்.

"மொழிபெயர்ப்பாளர் இலக்கம்"

இது வேண்டாம். வெட்டிவிட்டேன்.

"நான், பொன்னையா புவனேந்திரன், அன்று கஜரூபன் சொன்னதைக் கேட்டேன். முழுவதையும் கேட்டேன்."